பொருள்: தணிகாசலம் தொடர்பாக

ஆரணி,
19.1.2026

அனுப்புநர்: கோ. பரசுராமன், நெல் விவசாயி, ஆரணி, பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்: திரு. எழிலரசன், எழுத்தாளர் (என்று சொல்லிக்கொள்பவர்), கும்மிடிப்பூண்டி.

பொருள்: கதையில் என்னைப் போட்டது – ஆட்சேபணை தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

மேற்படி பொருள் குறித்துத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், பொங்கல் சிறப்பிதழில் தாங்கள் எழுதியுள்ள கதையில் வரும் தணிகாசலம் என்பவர் நான்தான் என்று இவ்வூரில் சலூன் முதல் பால் சொசைட்டி வரை பேசிக்கொள்கிறார்கள்.

தணிகாசலம் தன் மோட்டார் கொட்டகையின் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கல்யாணம், காரியம் எல்லாவற்றுக்கும் போகிறார். நானும் அப்படித்தான் போகிறேன். பக்கத்துக் கழனிக்காரன் என் போர் தண்ணீரை எடுக்காமல் இருக்க வேறு வழி இருந்தால் தாங்கள் சொல்லலாம். தணிகாசலம் மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ஃபேன் நின்றுவிடுகிறது. உடனே பையிலிருந்து பீஸ் கட்டையை எடுத்து, "கவலப்படாதீங்க, நம்மகிட்ட ஒண்ணு கீது" என்கிறார். என் மகன் பார்த்திபனுக்குத் தங்கள் மகள் பூமிகாவைப் பார்க்க வந்த அன்று தங்கள் வீட்டுக் கூடத்தில் நான் சொன்ன அதே வார்த்தை. 'கீது'வைக்கூடத் தாங்கள் மாற்றவில்லை.

நேற்று பால் ஊற்றப் போன இடத்தில் ஒருவன், "இன்னா தணிகாசலம், நாஷ்டா ஆச்சா?" என்றான். சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாடும் திரும்பிப் பார்த்தது.

ஆகவே, வருகிற மாசி மாதம் 10ஆம் நாள், 22.2.2026 ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் நடைபெறும் பூமிகாவின் வளைகாப்புக்குத் தங்கள் மனைவி ஹேமாவதி அம்மாளும் உறவினர்களும் கலவை சாதத்துடன் வந்திருந்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துச் செல்லலாம். தாங்கள் வரவேண்டியதில்லை.

போன் செய்யவும் வேண்டாம். நான் வாயால் பேசினால் தாங்கள் கதையில் போடுகிறீர்கள். இனி எதுவாக இருந்தாலும் எழுத்தில். இதைப் பதிவுத் தபாலில் அனுப்ப நினைத்தேன். அதை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களாம். நகல் என்னிடம் உள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. பரசுராமன்


கும்மிடிப்பூண்டி,
24.1.2026

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. ஆரணியிலிருந்து புதுவாயல் வந்து நெடுஞ்சாலையில் திரும்பினால் என் வீடு. உங்கள் கடிதமோ சென்னைக்குப் போய், நாலு இடம் சுற்றிப் பார்த்துவிட்டு, சாவகாசமாக வந்திருக்கிறது. வழியில் அதற்குக் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். ஆறவில்லை. நேற்று பதிலைப் போட உறை வாங்கப் போனேன். "ஆரணின்னா பட்டுப்புடவை ஆரணியா சார்?" என்று கேட்டார் தபால் ஆபீஸ் பெண். "இல்லம்மா, கோபக்கார ஆரணி" என்றேன். முகம் மாறாமல் பின்கோடு கேட்டார். இந்த மாவட்டத்தில் நகைச்சுவை எழுத்தாளனுக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான்.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கேட்கப்போவதில்லை. கொத்தனார் செங்கல் எடுத்ததற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். முன்பு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இப்போது தேர்வாய் கண்டிகையில், கம்பெனி மாறினாலும் டெஸ்பாட்ச் பிரிவு மாறவில்லை. லாரியில் ஏறுகிற பெட்டியை எண்ணுகிறேன். அதற்குக் கண் போதும். காது சும்மாதானே இருக்கிறது? அதை வைத்துத்தான் கதை எழுதுகிறேன். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் போதும். போன வாரம் முன் சீட்டுப் பையன் போனில் பேசுகிறான்: "மச்சி, மாமியார் செத்துட்டாங்கன்னு லீவு போட்டேன்டா. இப்ப அவங்களே சோறு எடுத்துக்கினு கம்பெனி கேட்டாண்ட வந்து நிக்கறாங்களாம். செக்யூரிட்டி பேரு கேட்டுக்கினு கீறான்." நீங்களே சொல்லுங்கள். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா ஜன்னல் வழியாக மரத்தை வேடிக்கை பார்க்கிறவன் மனிதனா?

நான் எதையும் உட்கார்ந்த இடத்தில் யோசித்து எழுதுகிற ஆள் இல்லை. ஒருமுறை அப்படி யோசித்து ஒரு கதாநாயகனை உண்டாக்கினேன். ஹேமாவதி படித்துவிட்டு, "இந்த ஆளுக்குப் பசிக்கவே பசிக்காதா? கதை முழுக்க ஒரு வாய் காப்பி குடிக்கலையே" என்றாள். அன்றோடு விட்டேன். என் ஆட்கள் எல்லாம் நடமாடுகிற ஆட்கள். பேசுகிறவர்கள், இருமுகிறவர்கள், சாம்பாரில் குறை சொல்கிறவர்கள்.

அதற்காக நான் மரியாதை தெரியாதவன் இல்லை. உங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். ஒரு தடவையாவது உங்கள் எதிரில் பேனாவை எடுத்ததுண்டா? காகிதத்தைப் பிரித்ததுண்டா? கனகாம்பாள் சம்பந்தியையே கேட்டுப் பாருங்கள்.

பூமிகா எங்களுக்கு ஒரே பெண். அவள் கையில் வளையல் ஏறுவதை நான் பார்க்கவேண்டும். அவளை அழைத்துக்கொண்டு திரும்பும் காரில் முன் சீட்டில் நான் உட்கார்ந்திருக்கவேண்டும். மற்ற எதிலும் விட்டுக்கொடுப்பேன். இதில் முடியாது.

அன்புடன்,
எழிலரசன்


ஆரணி,
29.1.2026

பொருள்: தங்கள் கடிதத்தில் கண்ட பொய் – சுட்டிக்காட்டுதல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் கடிதத்தைக் குடும்பத்தார் அனைவரும் அறியும்படி கூடத்தில் நின்று உரக்கப் படித்தேன். "ஒரு தடவையாவது பேனாவை எடுத்ததுண்டா" என்ற இடம் வந்ததும் பூமிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வலி வந்துவிட்டதோ என்று கனகாம்பாள் ஓடிவந்தாள்.

"எங்கப்பா எப்பவும் பாத்ரூம்ல போய்தான் மாமா எழுதுவாரு. யாராவது எதனா சொன்னா போதும், மறந்துடும்னு ஓடுவாரு. எங்க ஊட்டு பாத்ரூம்ல சோப்பு இருக்குதோ இல்லையோ, பேனா இருக்கும்."

எங்களுக்கு இப்போதுதான் விளங்கியது. தாங்கள் இங்கு வரும்போதெல்லாம் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போவீர்கள். நான் ஏதாவது சொல்லி முடித்தவுடனே போவீர்கள். சம்பந்திக்கு வயிறு சரியில்லை, பாவம், வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று கனகாம்பாள் ஓமத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுப்பாள். தாங்கள் அதையும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போவீர்கள். தங்கள் அவஸ்தையைப் பார்க்கச் சகிக்காமல் சென்ற ஆடியில் நான் கையிலிருந்து போட்டு வெஸ்டர்ன் டாய்லெட் கட்டினேன். அது தங்களுக்கு ஆபீஸ் ரூம் ஆகியிருக்கிறது.

இதுவும் போகட்டும். பீஸ் கட்டையும் போகட்டும். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கதையின் கடைசியில் தணிகாசலம், மகன் கல்யாணத்தன்று, வெங்காயம் அரிகிறேன் என்று சொல்லிச் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுகிறார் என்று எழுதினீர்கள். மகன் கைவிட்டுப் போகிறானே என்று அழுகிறாராம். நான் அழவில்லை. எங்க நைனா செத்ததுக்கே அழாதவன் நான். இப்ப ஊர்ல இன்னா பேசறாங்க தெரியுமா? 'பரசு அன்னைக்கே அழுதுக்கினு இருந்தாம்பா, மருமக வந்தது அவனுக்குப் புடிக்கல'ன்னு பேசறாங்க. சலூன்ல பேசினா பேசிட்டுப் போறான். அந்தப் பொண்ணு காதுல உழுந்தா இன்னா நெனைக்கும்? நம்மள வேண்டாம்னு அழுத ஊட்ல நாம சோறு துன்னுக்கினு கீறோமேன்னு நெனைக்காதா? மாசமா இருக்கற பொண்ணு. அதை யோசிச்சீங்களா?

கோபத்தில் கொச்சையாக எழுதிவிட்டேன். அடித்து எழுத நேரமில்லை, அறுப்பு மிஷின் கழனியில் நிற்கிறது. வளைகாப்பு குறித்த என் முடிவில் மாற்றமில்லை.

கோ. பரசுராமன்


கும்மிடிப்பூண்டி,
3.2.2026

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பாத்ரூம் விஷயம் உண்மை. பெற்ற மகளே காட்டிக்கொடுத்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் காரணம் கேளுங்கள். ஒருவர் பேசின பேச்சு கறந்த பால் மாதிரி. அப்படியே வைத்தால் திரிந்துவிடும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், "நம்மகிட்ட ஒண்ணு கீது" என்பது "என்னிடம் ஒன்று உள்ளது" என்று ஆகியிருக்கும். அதில் நீங்கள் இருக்கமாட்டீர்கள், இலக்கண வாத்தியார்தான் இருப்பார். எதிரிலேயே எழுதலாம் என்றால், பேனாவைப் பார்த்ததும் ஜனங்கள் மேடையில் பேசுவதுபோல் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆக, கதவு உள்ள இடம் ஒன்றுதான். வெஸ்டர்ன் வசதிக்கு என் நன்றி. இந்தக் கதையின் பாதி அங்கேதான் உருவானது.

உங்கள் கடைசிப் பத்திக்கு வருகிறேன். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதுகிறவனாக இதுவரை யாருக்கும் செய்யாத ஒன்றை உங்களுக்குச் செய்கிறேன். தணிகாசலத்தைப் பிரித்துப் போட்டு, எது எங்கே கிடைத்தது என்று சொல்கிறேன்.

பீஸ் கட்டை உங்களுடையது. பெண் பார்க்கும் கூடத்தில் சொன்ன வார்த்தையும் உங்களுடையது. யாருடைய அறையிலிருந்து எழுந்தாலும் விளக்கு, ஃபேனை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் உங்கள் ஊர் உரக்கடை முனிகிருஷ்ணனுடையது. நம் பிள்ளைகள் வரவேற்பில் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு இறங்கும்போது மேடை விளக்கை அணைத்தாரே, நினைவிருக்கிறதா? வீடியோவில் அந்த இடம் இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது. போனை எடுத்ததும் 'ஹலோ'வுக்குப் பதில் "இல்ல" என்பது எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். எதிரில் கேட்பது எதுவானாலும் அவர் பதில் அதுதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று காலை அழுத்துவது யார் என்று சொன்னால் எனக்கு ராத்திரி சோறு கிடைக்காது. என் ஸ்கூட்டரின் பின் சீட்டில் வருகிறவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அழுதது நான்.

புதுவாயல் மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் அட்சதையை உதறிக்கொண்டு சாப்பாட்டுக்கு ஓடினார்கள். நான் போகவில்லை. பெண்ணைப் பெற்றவன் ஹாலில் நின்று அழுதால் நன்றாக இருக்காது என்று சமையல்கட்டுக்குப் போனேன். தலைமைச் சமையல்காரரிடம், "வெங்காயம் அரியணுமா, நான் அரியறேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "வெங்காயம்லாம் காலையிலயே முடிஞ்சிடுச்சு சார். பூசணிக்காதான் கீது" என்றார். "பரவால்ல, குடு" என்றேன். பூசணிக்காயை அரிந்துகொண்டு அழுதேன். அவர், "துண்டு கொஞ்சம் பெருசா போடுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

கதையில் பூசணிக்காய் என்று எழுதிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. பூசணிக்காய்க்கு யார் அழுவார்கள்? வெங்காயமாக மாற்றினேன். பெண்ணைப் பெற்றவன் அழுவது எல்லாரும் எழுதினதுதான் என்று பையனின் தகப்பனுக்குக் கொடுத்தேன். இவ்வளவையும் தாங்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, சம்பந்தி. நான் பார்த்தவர்களில் உங்கள் தோள்தான் அகலமாக இருந்தது.

இந்தக் கடிதத்தையும் கூடத்தில் நின்று உரக்கப் படியுங்கள். பூமிகா கேட்கட்டும். சலூன்காரனும் கேட்கட்டும்.

அன்புடன்,
எழிலரசன்


ஆரணி,
9.2.2026

பொருள்: தணிகாசலம் நானே எனச் சான்று கோருதல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. கூடத்தில் படித்தேன். பூசணிக்காய் வந்த இடத்தில் பூமிகா எழுந்து உள்ளே போய்விட்டது. வெளியில் வரும்போது முகம் கழுவியிருந்தது. கனகாம்பாள் அதற்கு மோர் கொடுத்தாள். அந்தக் கணக்கு இத்துடன் தீர்ந்தது. அது பற்றி இனி நானும் எழுதமாட்டேன், தாங்களும் எழுதவேண்டாம்.

ஆனால் புதுத் தலைவலி ஒன்று முளைத்திருக்கிறது. நான் அழவில்லை என்பதை ஊர் அறியட்டும் என்று தங்கள் கடிதத்தைப் பால் சொசைட்டியிலும் படித்தேன். அங்கே முனிகிருஷ்ணன் இருந்தான். விளக்கை அணைக்கிற பழக்கம் தன்னுடையது என்று தெரிந்ததும் எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டான். மறுநாளே அந்தப் பத்திரிகைப் பக்கத்தை லேமினேஷன் போட்டு உரக்கடையில் யூரியா மூட்டைக்கு மேலே மாட்டிவிட்டான். கீழே 'இக்கதையின் நாயகன்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறான். ரெண்டு மூட்டை வாங்கினால் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொள்ள விடுகிறான்.

நான் நேரில் போய்க் கேட்டேன். "இன்னாடா முனி, பீஸ் கட்டை யாருது?" என்றேன். சட்டைப்பையில் கையை விட்டு ஒரு புது பீஸ் கட்டையை எடுத்துக் காட்டுகிறான்! "எப்பவும் வெச்சிருப்பேன் பரசு, நீ கவனிச்சதில்ல" என்கிறான். ஐயா, அவனிடம் மோட்டாரே கிடையாது. கழனியே கிடையாது. மாடியில் நாலு ரோஜாத் தொட்டி இருக்கிறது.

நான் பால் சொசைட்டியில் அவமானப்பட்டதும், நாலு நாள் வெளியில் தலைகாட்டாமல் இருந்ததும் இதற்குத்தானா? சிரிப்பு என்னைப் பார்த்து, பெருமை அவனுக்கா?

ஆகவே, தணிகாசலம் என்னும் கதாபாத்திரம் ஆரணி கோ. பரசுராமனையே குறிக்கும் என்றும், முனிகிருஷ்ணன் விளக்கு அணைத்தது மட்டுமே என்றும், கையெழுத்திட்டுச் சான்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அழுகை நீங்கலாக. மேற்படி சான்று 15ஆம் தேதிக்குள் வந்துசேரும் பட்சத்தில் தாங்கள் வளைகாப்புக்கு வருவது பரிசீலிக்கப்படும்.

கோ. பரசுராமன்


கும்மிடிப்பூண்டி,
12.2.2026

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

சான்று தரமாட்டேன்.

இதை எழுதிவிட்டு ஹேமாவதியிடம் காட்டினேன். "பொண்ணு வளைகாப்பு பெருசா, உங்க வெட்டி வீராப்பு பெருசா? ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைங்களேன்" என்றாள். மூன்று புத்தகம் போட்டிருக்கிறேன், அதில் கையெழுத்து கேட்டவர் இதுவரை இல்லை. இப்போது ஒருவர் கேட்கிறார், அதுவும் சொந்த சம்பந்தி. போடமாட்டேன் என்கிறேன். என் ஜாதகம் அப்படி.

காரணம் சொல்கிறேன். இன்றைக்கு உங்களுக்குச் சான்று கொடுத்தால் நாளைக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் வரிசையில் நிற்பார். அதைக்கூடச் சமாளிக்கலாம். என் பயம் வேறு. முனிகிருஷ்ணனைப் பாருங்கள். எவ்வளவு நல்ல மனிதர்! யாரும் சொல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், ஏறின மேடையின் விளக்கை அணைத்துவிட்டு இறங்கியவர். அப்படி ஓர் ஆள் கிடைக்க நான் எத்தனை கல்யாணத்தில் காய்ந்துபோன வடை சாப்பிட்டிருக்கிறேன் தெரியுமா? இப்போது அவர் பீஸ் கட்டை வாங்கிவிட்டார். இனிமேல் விளக்கை அணைத்தாலும் நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அணைப்பார். அவர் எனக்கு முடிந்துபோனார்.

உங்களையும் அப்படி இழக்க நான் தயாராக இல்லை. சான்றைச் சட்டம் போட்டு மாட்டினால், அடுத்த நாளிலிருந்து நீங்கள் தணிகாசலம் மாதிரி நடக்க ஆரம்பிப்பீர்கள். பரசுராமன் மாதிரி நடக்க ஊரில் ஆளே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை விஷயம். நான் வருகிறேன். உள்ளே விடாவிட்டால் உங்கள் தெருமுனையில் காரை நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருப்பேன். வளையல் சத்தம் அங்கே கேட்குமா என்று தெரியாது. கேட்கிற வரைக்கும் கேட்டுக்கொள்கிறேன். முடிந்ததும் என் பெண்ணை ஏற்றிக்கொண்டு வருவேன். இது மிரட்டல் அல்ல. ஏற்பாடு.

அன்புடன்,
எழிலரசன்


ஆரணி,
17.2.2026

பொருள்: வளைகாப்புக்கு நிபந்தனையுடன் அனுமதி வழங்குதல் – தொடர்பாக.

ஐயா,

தாங்கள் காரில் உட்கார்ந்திருக்கப்போவதாக எழுதிய இடத்தை நான் மெதுவாகத்தான் படித்தேன். ஆனாலும் கனகாம்பாள் காதில் விழுந்துவிட்டது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"அந்த மனுசன் தெருவுல கார்ல குந்திக்கினு இருந்தா நானும் போய் கார்லயே குந்திக்கிறேன். புள்ளையையும் இட்டுக்கினு போறேன். வளையல அங்கயே போட்டுக்கலாம். நீங்களும் உங்க முனியும் உள்ள ஒக்காந்து பீஸ் கட்டைய வெச்சிக் கும்புடுங்க."

இதற்கு மேல் அவளிடம் பேசும் வழக்கம் எனக்கு இல்லை.

இன்னொன்றும் நடந்தது. நேற்று சொசைட்டியில் கரண்ட் போனது. முனிகிருஷ்ணன் எழுந்து, தொண்டையைச் செருமி, பீஸ் கட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்து, "கவலப்படாதீங்க, நம்மகிட்ட ஒண்ணு கீது" என்றான். ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. பால் அளக்கிறவன், "ஒக்காரு முனி, பால்ல நெழல் உழுது" என்றான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சான்று தேவையில்லை. கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நிபந்தனைகள்: பேனாவை வாசலில் கனகாம்பாளிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே வரவேண்டும். என் பக்கத்தில் உட்காரவேண்டும். முனியின் பக்கத்தில் அல்ல. பாத்ரூம் போகலாம். ஆனால் ஓமத் தண்ணீர் தரப்படும், குடிக்கவேண்டும். புளிசாதத்தில் வேர்க்கடலை கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல்லவும், பூமிகாவுக்கு அதுதான் பிடிக்கும். தங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்.

கோ. பரசுராமன்


ஆரணி,
2.3.2026

பொருள்: ஒன்றும் இல்லை.

அன்புள்ள சம்பந்திக்கு,

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் சாப்பாட்டைப் பாராட்டினார்கள். வளையல் போடும்போது தாங்கள் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பெண்ணைத் தாங்கள் ஏற்றிக்கொண்டு போனபிறகு வீடு என்னவோபோல் இருக்கிறது. கனகாம்பாள் நாலு பேருக்கு உலை வைத்துவிட்டு ஒரு பிடி அரிசியைத் திரும்ப எடுக்கிறாள். தினமும் எடுக்கிறாள். பழக்கம் வரவில்லை.

பூமிகாவுக்கு நான் தினமும் போன் போடுகிறேன். "எப்படிமா கீற?" என்றால் "நல்லா கீறேன் மாமா" என்கிறது. பார்த்திபன் ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து பார்த்துவிட்டுத் திரும்பினான். "எப்படிடா கீது?" என்றேன். "நல்லாத்தான் கீறா நைனா" என்றான். வீட்டு மாட்டைப் பற்றி விசாரித்தால்கூட இதைவிட ரெண்டு வார்த்தை அதிகமாகச் சொல்வான்.

போனில் அது எனக்காகப் பேசுகிறது, சம்பந்தி. நான் கவலைப்படக்கூடாது என்று பேசுகிறது. யாரும் பார்க்காதபோது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும். என்ன சாப்பிடுகிறது, எதை ஒதுக்கிவைக்கிறது, மாடிப்படி ஏறுகிறதா, எதற்குச் சிரிக்கிறது, தனியாக இருக்கும்போது முகம் எப்படி இருக்கிறது. இதை நான் யாரைக் கேட்பேன்? தாங்கள் ஒருவர்தான் அந்த வேலை தெரிந்தவர்.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதவும். பேச்சையும் அது பேசினபடியே போடவும். வெங்காயமாக எதையும் மாற்றவேண்டாம்.

பரசுராமன்


கும்மிடிப்பூண்டி,
6.3.2026

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை எத்தனையோ பேரைக் கவனித்திருக்கிறேன். சொல்லி அனுப்பி என்னைக் கவனிக்கச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

காலையில் இட்லி. இரண்டு சாப்பிட்டு மூன்றாவதைத் தட்டில் ஓரம் தள்ளுகிறாள். ஹேமாவதி திட்டினால் அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், காக்காய்க்குப் போடுவதுபோல் நின்று, தானே சாப்பிட்டுவிடுகிறாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. திட்டினதற்காகச் சாப்பிட்டதாக இருக்கக்கூடாது போலிருக்கிறது. மாடிப்படி ஏறுகிறாள். நடுவில் நின்று, இளைப்பாறுவது தெரியாமல் இருக்கச் சுவரில் இருக்கும் காலண்டரைப் படிக்கிறாள். நேற்று முழுக்க ராகு காலம் படித்தாள். வயிற்றில் குழந்தை உதைத்தால், "இரு, இரு, வேலையா கீறேன் இல்ல?" என்று அதட்டுகிறாள். அந்தக் குரல் கனகாம்பாள் சம்பந்தியுடையது. அச்சு அசல்.

நான் பார்ப்பதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாப்பா அப்படிப் பாக்கற? கதையா?" என்றாள். "பேப்பர் தேடறேன்" என்றேன். பேப்பர் என் மடியில்தான் இருந்தது. நம்பினமாதிரி போய்விட்டாள்.

தனியாக இருக்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறது. பயம் கொஞ்சம் உண்டு. அது அவளுக்கே உரியது, நாம் இருவரும் தலையிட வேண்டாம்.

இன்று சாயங்காலம் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஹேமாவதி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பூமிகா நாற்காலியில் உட்கார்ந்து மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காற்று வந்தது. தலையைத் தூக்கி மேற்கே பார்த்து, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "இந்நேரம் எங்க ஊட்ல மாமா கழனியிலேர்ந்து வந்திருப்பாரு. காப்பி ஆறிப்போச்சின்னு சண்டை போட்டுக்கினு இருப்பாரு."

எங்க ஊட்ல.

ஹேமாவதி கையில் இருந்த போர்வையோடு அப்படியே நின்றாள். பிறகு உதறி மடிக்க ஆரம்பித்தாள். நான் மாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். பிறந்தது, தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போக அழுதது, எல்லாம் இந்த வீட்டில். எந்த ஊடு என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. தான் சொன்னதை அவள் கவனிக்கவும் இல்லை. அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள்.

இதைக் கதையில் போடமாட்டேன். எழுத ஆரம்பித்த நாளிலிருந்து என் காதில் விழுந்ததில் இதைவிட நல்லது இல்லை. ஆனால் இது என்னுடையது இல்லை, உங்களுடையது. சொன்ன வார்த்தை சொன்னபடியே அனுப்பியிருக்கிறேன். வைத்துக்கொள்ளுங்கள்.

எழிலரசன்